பெஸ்ட் ராக் கச்சேரி, படுமோசமான ராக் கச்சேரி: பையனை முதல் தடவை கூட்டிட்டுப் போறவருக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் ரெண்டு விஷயம் கேட்டிருக்கார். நேர்ல போய்ப் பாத்த ராக் கச்சேரிலயே பெஸ்ட் எது, படுமோசம் எது. அப்புறம், அவரோட பையனுக்கு 15 வயசு, மெட்டல் (ராக்லயே ரொம்ப சத்தமா, முரட்டுத்தனமா இருக்கற வகை) பைத்தியமா இருக்கான், முதல் தடவையா ஒரு பெரிய ஷோவுக்கு கூட்டிட்டுப் போலாமா. ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா அந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் என்னோட மோசமான கச்சேரிக்குள்ளதான் இருக்கு.

பெஸ்ட் எதுன்னு நான் யோசிக்கவே வேணாம்ங்க. 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ், இங்கிலாந்து மெட்டல் பேண்டு அயர்ன் மெய்டன். அவங்க இந்தியாவுக்கு வந்த முதல் தடவை அது.

அது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா அதுக்கு முன்னாடி நாங்க எப்படிப் பாட்டு கேட்டோம்னு தெரியணும். நான் பெரம்பூர். எங்க தெருவுல ரயில்வேல வேலை பாத்த ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க நிறைய. பக்கத்து வீட்டு அங்கிள் லோகோ ஒர்க்ஸ்ல இருந்தவர், வயசுல ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கெல்லாம் கிட்டார் வாசிச்சவர். நான் எட்டாவது படிக்கிறப்ப அவர்தான் ஒரு கேசட் குடுத்தாரு, ஒரு பக்கம் டீப் பர்ப்பிள்னு இன்னொரு இங்கிலாந்து ராக் பேண்டு, இன்னொரு பக்கம் மெய்டன், லேபிள்ல பென்சில்ல எழுதி அழிச்சு மறுபடி எழுதினது. அந்த டேப் எத்தனை தடவை பிளேயர்ல சிக்கி, பென்சில விட்டுச் சுத்திச் சுத்தி உள்ள இழுத்து, திரும்பப் போட்டுக் கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, ஒரு இடத்துல டேப் கசங்கி பாட்டு ரெண்டு செகண்ட் முங்கி எழும், இன்னிக்கும் அந்தப் பாட்டை எங்க கேட்டாலும் அந்த இடத்துல முங்கப் போகுதுன்னு காது காத்துக்கிட்டு இருக்கும். காலேஜ் வந்ததும் ஸ்பென்சர் பிளாசால மியூசிக் வேர்ல்டு, நுங்கம்பாக்கத்துல லேண்ட்மார்க், அங்க போய் மணிக்கணக்குல நின்னு கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வெச்சுட்டு வருவோம். அந்தக் கவர்ல இருக்கறவங்க நம்ம ஊர்ப் பக்கம் வந்து நிப்பாங்கன்னு நாங்க யாருமே நினைச்சது இல்ல.

அப்புறம் 2000க்கு மேல பெங்களூரு மாற ஆரம்பிச்சுது. 2002ல பிங்க் ஃபிளாய்டு பேண்டுல இருந்த ரோஜர் வாட்டர்ஸ் வந்தாரு, 2003 ஏப்ரல்ல ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தாங்க, ரெண்டும் பெங்களூருலதான். ஏன் பெங்களூருன்னா, ஊருக்கு நடுவுல அவ்ளோ பெரிய திறந்த மைதானம் அங்கதான் இருந்துச்சு, ரயில்லேர்ந்து இறங்கி ஆட்டோ புடிச்சா போயிடலாம், சாயங்காலம் ஆனா குளிரும், அதோட சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோட் பக்கம் பப்புங்கள்ல ராக் கேட்டு வளந்த ஒரு கூட்டமே அந்த ஊர்ல இருந்துச்சு. சென்னைல கேட்டவங்க இல்லாம இல்ல. ஆனா நம்மால அவங்கள ஒரே இடத்துல கூட்ட முடியல.

மெய்டன் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் நான் முதல்ல போய்ச் சொன்னது அங்கிள் கிட்டதான். ரிட்டயர் ஆகி ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு அவருக்கு. "நானும் வர்றேன் மேன்"னாரு. ஆன்ட்டி திட்டினாங்க, கேக்கல. காலைல சென்ட்ரல்ல பிருந்தாவன் ஏறினோம், கம்பார்ட்மென்ட்ல பாதி கருப்பு டீ ஷர்ட். காட்பாடி தாண்டுறதுக்குள்ள எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க ஆயிட்டோம். எங்க எதிர்ல உக்காந்திருந்த பையன் மிசோரத்துலேர்ந்து வர்றான், குவாஹாட்டி வந்து, அங்கேர்ந்து ரயில்ல சென்னை, சென்னைலேர்ந்து இது, நாலு நாளா ரயில்லயே இருக்கேன்னு சொன்னான். அங்கிள் தன்னோட டிபன் பாக்ஸ்ல இருந்த கட்லெட்டை எடுத்து முதல்ல அவனுக்குத்தான் குடுத்தாரு.

கிரவுண்டுக்குள்ள போனதும் நான் முன்னாடி ஓடப் பாத்தேன், அங்கிள் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டாரு. "முன்னாடி ஓடாத மேன். சவுண்டு போடறவன் எங்க நிக்கிறானோ அங்க நில்லு. அவன் காதுக்கு எது நல்லா இருக்கோ அதத்தான் அவன் மிக்ஸ் பண்றான்." நான் கச்சேரிகளைப் பத்திக் கத்துக்கிட்டதுலயே ரொம்ப உருப்படியான விஷயம் இதுதாங்க. மேடைக்கு நேர் எதிர்ல, கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு கூடாரம் மாதிரி போட்டு மிக்ஸிங் கன்சோல் வெச்சிருப்பாங்க பாருங்க, அதுக்குப் பக்கத்துலயோ பின்னாடியோ நின்னா டிரம், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனியாக் கேக்கும். மேடைக்கு ஒட்டினாப்புல நின்னா பெரிய ஸ்பீக்கருங்களோட சத்தம் உங்க தலைக்கு மேல தாண்டிப் போயிடும், உங்களுக்கு வர்றது டிரம்மோட நேர் சத்தமும் கீழ வெச்சிருக்கற சப் ஊஃபரோட உதறலும்தான், பாடறவர் என்ன பாடறாருன்னே தெரியாது. ரொம்பப் பின்னாடி போயிட்டா இன்னொரு பிரச்சனை. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், நீங்க 100 மீட்டர் தள்ளி நின்னீங்கன்னா டிரம்மர் அடிக்கிறதைக் கண் பாத்து கிட்டத்தட்ட மூணுல ஒரு செகண்ட் கழிச்சுத்தான் காதுக்கு வரும். பெரிய ஷோவுல நடுவுல கோபுரம் மாதிரி கட்டி அதுல இன்னொரு செட் ஸ்பீக்கர் தொங்க விட்டு, மேடைலேர்ந்து வர்ற சத்தத்தோட ஒத்துப்போற மாதிரி அதைக் கொஞ்சம் லேட் பண்ணி விடுவாங்க. அது இல்லாத ஷோவுல பின்னாடி நிக்கறவன் பணம் போச்சு.

அன்னிக்கு முதல்ல டெல்லிலேர்ந்து பரிக்ரமா வாசிச்சாங்க, அவங்க வயலின் வெச்சு ராக் பண்றவங்க, அந்த ஷோ நல்லாப் போய் அதே வருஷம் இங்கிலாந்துல டவுன்லோட் ஃபெஸ்டிவல்ல போய் வாசிச்சாங்க. அடுத்து மெய்டன்ல பேஸ் கிட்டார் வாசிக்கற ஸ்டீவ் ஹாரிஸோட பொண்ணு லாரன் ஹாரிஸ். அப்புறம் மெய்டன். மூணு கிட்டார் ஒரே நேரத்துல, டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ், நடுவுல ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை மேடை ஓரத்து மானிட்டர் ஸ்பீக்கர் மேல வெச்சு பேஸை துப்பாக்கி மாதிரி கூட்டத்தைப் பாத்துப் புடிச்சுக்கிட்டு. தி ட்ரூப்பர் வந்தப்ப புரூஸ் டிக்கின்சன் சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு மேடை முழுக்க ஓடறாரு, ஓடிக்கிட்டே பாடறாரு, மூச்சு வாங்கற மாதிரியே தெரியல.

ஆனா எனக்கு அந்த ராத்திரின்னா ஃபியர் ஆஃப் தி டார்க்தான். அந்தப் பாட்டு ஆரம்பத்துல கிட்டார்ல மெதுவா ஒரு மெட்டு வரும், அதுல வரியே கிடையாது, ஆனா உலகம் பூரா கூட்டம் அதைப் பாடும், ஓ ஓ ஓன்னு. லைவ் ரெக்கார்டிங்ல நூறு தடவை கேட்டிருக்கேன், கேக்கறப்பல்லாம் இது வேற நாட்டு ஜனங்க பாடறது, நம்ம கேக்க மட்டும்தான்னு தோணும். அன்னிக்கு அந்த முதல் நோட்டு விழுந்த உடனே எனக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்குல பேர் அதே மெட்டை சுதி மாறாமப் பாடறாங்க. இந்தி, கன்னடம், தமிழ், மிசோ, எல்லாம் அவனவன் ரூம்ல தனியா உக்காந்து கேசட்லயும் சிடிலயும் கத்துக்கிட்டதுதானே, யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. நான் திரும்பி அங்கிளைப் பாத்தேன். அவர் பாடல. இடது கையை நெஞ்சுக்கு நேரா வெச்சு விரல மட்டும் அசைச்சுக்கிட்டு இருந்தாரு, கிட்டார் கழுத்தைப் புடிக்கிற மாதிரி, அந்த மெட்டுக்கு கிட்டார் கழுத்துல எந்தெந்தக் கட்டமோ அதுல கரெக்டா. கண்ணு மேடைல இல்ல. லேசா மூடியிருந்துச்சு.

இதுக்கு மேல ஒரு கச்சேரில எனக்கு என்ன வேணும்.

ரெண்டாவது இடத்துல 2009ல ஐஐடி மெட்ராஸோட கலை விழா சாரங்ல ஓபெத். அவங்க ஸ்வீடன் மெட்டல் பேண்டு. இதை ஏன் சொல்றேன்னா, இடம் எவ்ளோ முக்கியம்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஐஐடி ஓப்பன் ஏர் தியேட்டர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அரை வட்டமா படிப்படியா ஏறிப்போற கேலரி, சுத்தி மரம். பின்னாடி நிக்கறவனுக்கும் மேடை தெரியும், யாரும் யாரையும் முட்டித் தள்ள வேண்டிய அவசியமே இல்ல. ஓபெத் பாட்டெல்லாம் பத்து நிமிஷம் ஓடும், ஒரு நிமிஷம் காதுக்குள்ள ரகசியம் சொல்ற மாதிரி கிட்டார், அடுத்த நிமிஷம் அவங்க பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அடிவயித்துலேர்ந்து உறுமுவாரு. அந்த மெதுவான பகுதி வர்றப்ப மொத்தக் கூட்டமும் அடங்கிப் போய், பின்னாடி மரத்துல ஏதோ பறவை சிறகடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஒரு மெட்டல் கச்சேரில! வீட்டுக்குப் போக எனக்கு கிண்டி வந்து ரெண்டு பஸ்தான். சொந்த ஊர்ல நடந்ததுங்கறதே தனி சந்தோஷம்.

2011 அக்டோபர் 30, மறுபடி பேலஸ் கிரவுண்ட்ஸ், அமெரிக்க மெட்டல் பேண்டு மெட்டாலிகா. இதுவும் நல்ல ஷோதான், தூறல், கணுக்கால் வரைக்கும் சேறு, இத்தாலி இசையமைப்பாளர் மோரிக்கோனி ஒரு பழைய கௌபாய் படத்துக்குப் போட்ட இசையப் போட்டுட்டு அவங்க மேடைக்கு வர்ற அந்த ஒரு நிமிஷத்துக்கு ரோமம் எல்லாம் நின்னுடுச்சு. ஆனா அதைப் பத்திச் சொல்லணும்னா ரெண்டு நாள் முன்னாடி நடந்ததையும் சொல்லணும். அக்டோபர் 28 குர்கான்ல அவங்களோட முதல் இந்திய ஷோ நடந்திருக்கணும். முன்னாடி இருந்த தடுப்பு தாங்கல, பாதுகாப்பு இல்லன்னு தள்ளி வெச்சாங்க, கடைசில நடக்கவே இல்ல. ஜனங்க கோவத்துல மேடை ஏறி சாமானெல்லாம் உடைச்சாங்க, போலீஸ் நடத்தினவங்கள்ல சில பேரைக் கைது பண்ணுச்சு. என் ஃபிரெண்டு ஒருத்தன் நொய்டால வேலை, அவன் அங்க இருந்தான், ராத்திரி ஃபோன் பண்ணி அழுதான், இருபது வருஷமா காத்திருந்தேன்டான்னு. அப்ப நானும் அந்த பேண்டைத் திட்டினேன், வந்தவங்க வாசிச்சுட்டுப் போனா என்னன்னு. இப்ப திட்ட மாட்டேன். நிறுத்தினது சரின்னு எனக்குப் புரிய வெச்சது அதுக்கு அப்புறம் நான் போன ஒரு கச்சேரி.

அதுதான் மோசமான கச்சேரி. பேண்டு பேரும் சொல்ல மாட்டேன், நடத்தினவங்க பேரும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு பேண்டு, நல்ல பேண்டு, ஈசிஆர்ல ஒரு காலி மைதானம். டிக்கெட்ல 4 மணிக்கு கேட் திறக்கும்னு போட்டிருந்துச்சு. 4 ஆச்சு, 5 ஆச்சு, வெயில், நிழல் கிடையாது, ரெண்டு பேர் அகலத்துக்கு ஒரே ஒரு வழி. தண்ணி பாட்டில் உள்ள எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு எல்லாத்தையும் வாங்கி ஒரு மூலைல குவிச்சுட்டாங்க. ஆறரைக்கு மேலதான் விட்டாங்க. அதுக்கு நடுவுல உள்ள சவுண்ட் செக், அதாவது ஷோவுக்கு முன்னாடி வாசிச்சுப் பாக்கற சத்தம் கேக்க ஆரம்பிச்சுது, டிரம், அப்புறம் கிட்டார், ஷோ ஆரம்பிச்சுட்டாங்கடான்னு யாரோ பின்னாடிலேர்ந்து கத்தினான், அவ்ளோதான், மொத்த வரிசையும் அந்த ஒரு வழியைப் பாத்து ஒரே அழுத்தா அழுத்துச்சு.

இது எவ்ளோ ஆபத்துன்னு அப்ப எனக்குத் தெரியாது. பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, 1979 டிசம்பர் 3, அமெரிக்கால சின்சினாட்டில தி ஹூங்கற ராக் பேண்டோட கச்சேரிக்கு முன்னாடி நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். சீட் நம்பர் இல்லாத டிக்கெட், முதல்ல போறவனுக்கு முன்னாடி இடம், அதனால எல்லாரும் கதவுகிட்டயே குவிஞ்சு நிக்கிறாங்க. உள்ளேர்ந்து சத்தம் கேக்குது, ஆரம்பிச்சாச்சுன்னு நினைச்சு தள்றாங்க, திறந்திருந்ததோ ஒண்ணு ரெண்டு கதவு. 11 பேர் செத்தாங்க. கச்சேரி முடியற வரைக்கும் பேண்டுக்கே தெரியாது. செத்தவங்க மிதிபட்டுத்தான் செத்தாங்கன்னு நாம நினைப்போம், பெரும்பாலும் அப்படி இல்லைங்க. நின்ன நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு அடைச்சுப் போறது. ஒரு சதுர மீட்டர்ல மூணு நாலு பேர் இருந்தா நம்ம இஷ்டத்துக்கு நகரலாம். அதுவே ஆறு ஏழு பேர் ஆயிடுச்சுன்னா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும், அலை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான், யாரும் வேணும்னு தள்றது கிடையாது. பின்னாடி இருக்கறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது.

சரி, உள்ள போயாச்சு. மேடைக்கு முன்னாடி தடுப்பைப் பாத்தேன், சவுக்குக் கட்டை. கட்சிக் கூட்டத்துக்கு, தேர்த் திருவிழாவுக்கு எல்லாம் நட்டுக் கயிறு போட்டுக் கட்டுவாங்களே அதே சவுக்கு. ஆட்கள் ஒழுங்கா ஒரு பக்கமா நடந்து போறதுக்கு அது போதும், பல நூறு பேர் குதிச்சுக்கிட்டே சாயறதுக்கு அது ஆகாது. பெரிய ராக் ஷோவுக்குன்னு இரும்பு, அலுமினியத்துல தடுப்பு இருக்கு, அதோட அடிப்பலகை கூட்டம் நிக்கிற பக்கமா நீண்டிருக்கும், முன் வரிசை ஆளுங்க அந்தப் பலகை மேலயே நிப்பாங்க, அவங்க எடையே தடுப்பைப் புடிச்சு வெச்சிருக்கும், சாஞ்சாலும் லேசுல கவிழாது. தடுப்புக்கும் மேடைக்கும் நடுவுல ஆள் நடக்கற அளவுக்குச் சந்து விட்டு அதுல ஆட்களை நிறுத்துவாங்க, மயங்கறவங்கள மேல தூக்கி வெளிய எடுக்க. அங்க சந்தும் இல்ல, ஆளும் இல்ல.

அன்னிக்கு அங்கிள் வரல, முட்டி வலி. நான் அவர் சொன்னதை மறந்து முன்னாடி போயிட்டேன், மேடைலேர்ந்து ஒரு எட்டு பத்து வரிசை பின்னாடி.

முதல் பாட்டுலேர்ந்தே ஸ்பீக்கர்ல ஒரு ம்ம்ம்னு உறுமல். எர்த் ஒழுங்கா குடுக்கலன்னா கரண்டோட 50 ஹெர்ட்ஸ் அப்படியே சவுண்டுல ஏறிடும், ரெண்டு பாட்டுக்கு நடுவுல அமைதி வர்றப்ப அதுதான் பெருசா கேக்கும். மூணாவது பாட்டு வேகமான பாட்டு, பின்னாடிலேர்ந்து ஒரு அலை வந்துச்சு. என் ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னாடி மாட்டிக்கிச்சு, கீழ இறக்க முடியல. எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு, இருபது வயசு கூட இருக்காது, பச்சை கலர் ஹேர் பேண்டு போட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு திரும்பி என்னைப் பாத்து என்னமோ சொல்லுது, வாய் அசையுது, சத்தம் வரல. அப்புறம்தான் பாத்தேன், அதோட கால் தரைல இல்ல. கூட்டம் ரெண்டு பக்கமும் நெருக்கினதுல அப்படியே மேல தூக்கி வெச்சிருக்கு. உதடு வெளுத்துப் போச்சு. நானும் பக்கத்துல ஒரு தடியான பையனும் எப்படியோ ஆளுக்கு ஒரு கையை உருவி, இடுப்பைப் புடிச்சு மேல தள்ளினோம், தலைக்கு மேல கை மாத்தி கை மாத்தி முன்னாடி போச்சு, சவுக்குக்கு அந்தப் பக்கம் லைட் ஆப்பரேட்டர் ஒருத்தர் வந்து வாங்கினாரு. அந்தப் பொண்ணு தரைல உக்காந்து வாய் திறந்து மூச்சு இழுக்கறதைப் பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கே மூச்சு வந்துச்சு.

பாடறவர் அதைப் பாத்துட்டாரு. பாட்டை நிறுத்தச் சொல்லி, எல்லாரும் மூணு அடி பின்னாடி போங்கன்னு கெஞ்சினாரு. 2000 ஜூன் 30, டென்மார்க்ல ரோஸ்கில்ட இசைத் திருவிழால பேர்ல் ஜாம்ங்கற ராக் பேண்டு வாசிச்சப்ப இதே மாதிரி முன்னாடி நெருக்கல்ல 9 பேர் செத்தாங்க, அங்கயும் பாடறவர் நிறுத்திட்டு பின்னாடி போகச் சொன்னாரு, அதுக்குள்ள காலம் கடந்து போச்சு. எங்களுக்கு அன்னிக்கு நேரம் நல்லா இருந்துச்சு, அவ்ளோதான் சொல்ல முடியும்.

மறுபடி ஆரம்பிச்சாங்க. ரெண்டு பாட்டு தாண்டியிருக்கும், கிட்டார் சோலோ நடுவுல பட்டுன்னு எல்லாம் போச்சு, ஸ்பீக்கர், லைட், எல்லாம். ஜெனரேட்டர். அந்த இருட்டுல டிரம் சத்தம் மட்டும் வருது, மைக் இல்லாம, வெறும் தோல்லயும் குச்சிலயும் வர்ற சத்தம், இருந்த இடத்துலேர்ந்து ரொம்பச் சின்னதா. அந்த டிரம்மர் நிறுத்தல. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும், கூட்டம் கை தட்டித் தாளம் போட, அவர் வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. அந்த மோசமான ராத்திரில எனக்கு மனசுல நிக்கிற ஒரே நல்ல விஷயம் அதுதான், அந்த மனுஷனுக்கு நான் இன்னிக்கும் நன்றி சொல்வேன். முக்கால் மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்துச்சு, மணி பத்தாகப் போகுது, 10 மணிக்கு மேல திறந்த வெளில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லேர்ந்து சட்டம் இருக்கு, ஒரே ஒரு பாட்டோட முடிச்சுட்டாங்க. வெளிய போகவும் அதே ஒரு வழி. ஈசிஆர்ல அந்நேரத்துக்கு பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோல ஒம்பது பேர் ஏறி திருவான்மியூர் வந்து சேந்தேன். குவிச்சு வெச்ச தண்ணி பாட்டிலெல்லாம் அந்த மூலைலயே அப்படியே கிடந்துச்சு.

சில பேர் சொல்வாங்க, ராக் ஷோன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், அதுதான் த்ரில்லுன்னு. எனக்கு அதுல துளி கூட உடன்பாடு இல்ல. பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெய்டனுக்கு அதை விடப் பல மடங்கு கூட்டம், குதிச்சாங்க, கத்தினாங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்தாங்க. அங்கிள் மாதிரி அறுபது தாண்டினவர் அதுக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் நிம்மதியா நின்னாரு. வழியும் தடுப்பும் தண்ணியும் ஒழுங்கா இருந்தா அந்த ஆட்டம் பூராவும் சந்தோஷம்தான்.

நடுவுல இன்னொண்ணு சொல்லாம விட மனசு வரல. 2018 ஜனவரி, கீழ்ப்பாக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்ட், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவோட முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேந்து உருவாக்கின குழு, 19 பேர், எல்லாரும் கோட்டு சூட்டு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர்ங்கற சொல்லுலேர்ந்து வந்த பேர். கானா, ராப், ராக் எல்லாம் சேந்தது, இது ராக்கே இல்லன்னு யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும். எங்க தெருவுல சாவு வீட்ல ராத்திரி பூரா கேட்டு வளந்த கானாவுக்குப் பின்னாடி டிஸ்டார்ஷன் போட்டு கரகரன்னு உறுமற கிட்டார் வந்தப்ப, அந்த கேசட்டோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஓடற மாதிரி இருந்துச்சு எனக்கு. சட்டி மேளமும் பறையும் டிரம் கிட்டோட மோதல, ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு வாசிச்சாங்க. பக்கத்துல ஒரு அம்மா, இடுப்புல குழந்தை, எல்லா வரிக்கும் சிரிச்சாங்க, ஒரு வரிக்கு மட்டும் அழுதாங்க. மெய்டன் பாட்டுல எனக்கு வரி பாதிக்கு மேல புரிஞ்சதே பெரியவன் ஆனப்புறம்தான், இங்க ஒரு வார்த்தையும் தப்பல.

இப்ப உங்க பையன் விஷயம். கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. 15 வயசுல கேக்கற மாதிரி அப்புறம் கேக்க முடியாது. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அதே இடத்துல அதுக்கு முன்ன நடந்த ஷோவோட வீடியோ ரெண்டு பாருங்க, மேடையைப் பாக்காதீங்க, மேடைக்கு முன்னாடி தடுப்பு என்னன்னு பாருங்க, வெளிய போற வழி எத்தனைன்னு பாருங்க. சீட் நம்பர் இருக்கற டிக்கெட் கிடைச்சா முதல் தடவைக்கு அதையே எடுங்க. நிக்கிற டிக்கெட்தான்னா கன்சோல் பக்கத்துல நில்லுங்க, பையன் முன்னாடி போலாம்பான்னு கையைப் புடிச்சு இழுப்பான், ஓரமா கூட்டிட்டுப் போய் ரெண்டு பாட்டு காமிச்சுட்டு திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க, நட்டநடுவுல வேணாம். கூட்டம் நெருக்க ஆரம்பிச்சா ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வெச்சுக்கணும், மூச்சு விட இடம் இருக்கும், அலையை எதிர்த்துத் தள்ளாம, ஒவ்வொரு அலை அடங்கறப்பவும் கோணலா ஓரத்தைப் பாத்து நகரணும். இதை வீட்லயே ஒரு தடவை செஞ்சு காமிச்சுடுங்க. உள்ள போன உடனே, தொலைஞ்சுட்டா எங்க நிக்கணும்னு ஒரு இடம் பேசி வெச்சுக்கோங்க, அவ்ளோ கூட்டத்துல ஃபோன் சிக்னல் வேலை செய்யாது. கருப்பு டீ ஷர்ட்னு மட்டும் அடையாளம் சொல்லி வெக்காதீங்க, அங்க எல்லாரும் கருப்புதான்.

அப்புறம் காது. சத்தத்தோட அளவு 100 டெசிபல்னா பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல காதுக்கு நல்லதில்லன்னு கணக்கு வெச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறவும் அந்த நேரம் பாதி ஆயிடும், ராக் ஷோ சர்வ சாதாரணமா 100ஐத் தாண்டும், ரெண்டு மணி நேரம் ஓடும். ஒரு மெட்டல் ஷோ முடிஞ்சு எனக்கு மூணு நாள் காதுல விசில் நிக்கல, இடது காதுல இன்னிக்கும் ராத்திரி அமைதியா இருந்தா லேசா கேக்கும். மருந்துக் கடைல கிடைக்கிற ஃபோம் இயர் பிளக் (காதடைப்பான்) போதும், உருட்டி உள்ள விட்டா விரிஞ்சு அடைச்சுக்கும், ஆனா பாட்டு கொஞ்சம் மங்கலாக் கேக்கும். வாசிக்கறவங்களுக்குன்னு சிலிக்கோன்ல வர்றது இருக்கு, நடுவுல ஃபில்டர் வெச்சது, சத்தம் மட்டும் குறையும், பாட்டு அப்படியே இருக்கும், கொஞ்சம் செலவு பண்ணி அதை வாங்குங்க. ரெண்டு ஜோடி. பையனுக்கு மட்டும் வாங்கிட்டு நீங்க சும்மா நிக்காதீங்க.